காந்தி ரோட்டு லாட்ஜ் கவுண்டரும் காதில் விழாத போனும்

வேலூர் காந்தி ரோட்டில் லாட்ஜ் கவுண்டரில் உட்காருகிறவனுக்குப் போன்தான் பிழைப்பு. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிற வங்காளக் குடும்பங்கள் ஹவுராவில் ரயில் ஏறும் முன்பே கூப்பிட்டு அறை கேட்பார்கள். காட்பாடியில் இறங்கியதும் மறுபடி கூப்பிடுவார்கள். ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுப்பது, லிஃப்ட் இருக்கிறதா, அறையிலேயே சமைக்கலாமா, மீன் எங்கே கிடைக்கும், எல்லாம் போனில்தான். அவர்களுக்கும் அரைகுறை இந்தி, எனக்கும் அரைகுறை இந்தி. நடுவில் ரயில் சத்தம், இந்தப் பக்கம் ஆட்டோ ஹாரன்.

இதில் ஒரு சின்ன சிக்கல். வங்காளத்தில் ஏழு என்றால் ‘ஷாத்’, எட்டு என்றால் ‘ஆட்’. இந்தியிலும் ‘ஸாத்’, ‘ஆட்’ என்று ஏறக்குறைய அதே கதைதான். முதலில் வருகிற அந்த ‘ஸ்’ காதில் விழவில்லை என்றால் ஏழும் எட்டும் ஒன்றாகிவிடும். தேதி இப்படி மாறிப்போய், நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டு பெட்டிகளோடு நடுராத்திரியில் நிற்கும் குடும்பங்களை எங்கள் தெருவில் எல்லா லாட்ஜ்காரர்களும் பார்த்திருப்பார்கள். அதனால் போனில் சத்தம் குறைவது எனக்குச் சும்மா ஒரு தொந்தரவு இல்லை, தொழில் பிரச்சினை.

கவுண்டர் போனில் சத்தம் ஒரே நாளில் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மங்கியது. வால்யூம் கோடு முழுசாக மேலே நிற்கும், ஆனாலும் அந்தப் பக்கம் ஆள் பேசுகிறார் என்பது மட்டும் தெரியும், என்ன பேசுகிறார் என்பது தெரியாது. ஸ்பீக்கரில் போட்டால் நன்றாகக் கேட்கும். ஆனால் கவுண்டருக்கு முன்னால் நாலு பேர் நிற்கும்போது ஒரு நோயாளியின் வியாதியையும் பணக் கணக்கையும் ஸ்பீக்கரில் போட்டுப் பேச முடியுமா?

ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினோம். கடைக்காரர் போனைக் காதில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. “ஸ்பீக்கர் போச்சு சார், மாத்திடலாம், சாயங்காலம் வாங்க” என்றார். எந்த ஸ்பீக்கர் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. போனில் இரண்டு இடத்திலிருந்து சத்தம் வரும். அடியில் இருப்பது பாட்டுக்கும் ரிங்டோனுக்குமான பெரிய ஸ்பீக்கர். மேலே, திரையின் விளிம்பில் கோடு மாதிரி இருப்பது காதுக்கான ஸ்பீக்கர். ரிப்பேர்க்காரர்கள் இதை ரிசீவர் அல்லது இயர்பீஸ் என்பார்கள். ஸ்பீக்கரில் போட்டால் கேட்கிறது, காதில் வைத்தால் கேட்கவில்லை என்றால் சந்தேகம் மேலே உள்ளதன்மேல்தான் விழவேண்டும். இந்த வித்தியாசத்தைக் கடையில் சொல்லத் தெரிந்தாலே பாதி ஏமாற்று நின்றுவிடும்.

போனைத் திறக்கக் கொடுக்காமல் தடுத்தது எங்கள் ராத்திரி டூட்டிப் பையன். பகலில் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். “அண்ணா, வாட்ஸப்ல வாய்ஸ் போட்டு, அத காதுல வெச்சு கேளுங்க. அதுவே சொல்லிடும்” என்றான்.

அவன் சொன்னது இதுதான். வாட்ஸப்பில் வந்த ஒரு குரல் செய்தியைத் தட்டிவிட்டு, போனைக் காதோடு சேர்த்து வைத்தால் சத்தம் பெரிய ஸ்பீக்கரை விட்டுவிட்டு மேலே உள்ள இயர்பீஸுக்கு மாறும். அந்தக் குரல் தெளிவாகவும் சத்தமாகவும் கேட்டால் இயர்பீஸ் நன்றாக இருக்கிறது, கோளாறு கால் வருகிற வழியில்தான்: நெட்வொர்க், செட்டிங், இல்லாவிட்டால் எதிராளியின் மைக். அந்தக் குரலும் மங்கலாகவே கேட்டால் கோளாறு நம் போனில்தான். காதில் வைத்தும் சத்தம் அடி ஸ்பீக்கரிலேயே ஒலித்துக்கொண்டிருந்தால், காது பக்கத்தில் வந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் சென்சாரை ஏதோ மறைக்கிறது அல்லது அதுவே வேலை செய்யவில்லை. ஒரு நிமிஷ வேலை, காசு கிடையாது. இதைச் செய்யாமல் யாரும் கடைக்குப் போகக்கூடாது என்பது இப்போது என் கட்சி.

இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். சாம்சங் போனில் டயல் செய்யும் இடத்தில் *#0*# என்று அடித்தால் ஒரு சோதனைப் பக்கம் திறக்கும், அதில் ‘ரிசீவர்’ என்ற கட்டத்தைத் தொட்டால் இயர்பீஸில் மட்டும் ஒரு ஒலி வரும். ஷாவ்மி, ரெட்மி, போக்கோ போன்களில் *#*#6484#*#* என்று அடிக்க வேண்டும். வேறு கம்பெனி போன் என்றால் வாட்ஸப் வழியே போதும்.

எங்கள் போனில் வாட்ஸப் குரலும் மங்கல்தான். அப்படியென்றால் உள்ளே ஸ்பீக்கர் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் வாசலில் அடைப்பு இருக்க வேண்டும். டார்ச் அடித்து அந்தக் கோட்டுக்குள் பார்த்தால் விஷயம் தெரிந்துபோனது. இயர்பீஸுக்கு மேலே தூசி போகாமல் இருக்க மிக நுண்ணிய கம்பி வலை ஒன்று இருக்கும். வலையே தெரியவில்லை. சாம்பல் கலரில் மெழுகு மாதிரி ஒரு பூச்சு வலைக் கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காதழுக்கு, முகத்து எண்ணெய், வியர்வை, ரோட்டுப் புழுதி எல்லாம் சேர்ந்த கலவை அது. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். கன்னத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கிற போனில் இது சேராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கவுண்டர் போன் என்பதால் இன்னும் மோசம், மூன்று ஷிப்ட் ஆட்களின் காதும் அதில்தான்.

சுத்தம் செய்யப் புது டூத் பிரஷ் ஒன்று போதும், அதுவும் சின்னக் குழந்தைகளுக்கு விற்கிற மெத்தென்ற பிரஷ். தண்ணீர் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். போனை அணைத்துவிட்டு, இயர்பீஸ் தரையைப் பார்க்கும்படி தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து பிரஷால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் உதிர்கிற அழுக்கு கீழே விழும். நிமிர்த்திப் பிடித்துத் தேய்த்தால் அது வலையைத் தாண்டி உள்ளேதான் போகும். கோட்டின் நீளத்துக்கு ஒருமுறை, குறுக்கே ஒருமுறை என்று மாற்றி மாற்றித் தேய்ப்பது நல்லது, மூலைகளில்தான் அதிகம் அடைந்திருக்கும். அப்புறம் ஒரு துண்டு செல்லோ டேப்பை எடுத்து, ஒட்டும் பக்கத்தை அந்த இடத்தில் விரல் நுனியால் அழுத்தி, சடக்கென்று எடுத்தால் மிச்சமும் ஒட்டிக்கொண்டு வரும். டேப்பில் வந்ததைப் பார்த்து எங்கள் ஓனர் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சத்தம் திரும்பி வந்தது. புதுப் போனில் கேட்ட அளவு என்று சொல்லமாட்டேன், ஆனால் ‘ஷாத்’தும் ‘ஆட்’டும் பிரிந்து கேட்கும் அளவுக்கு வந்தது.

செய்யக்கூடாததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இதுதான் முதலில் நடக்கும். குண்டூசி, சேஃப்டி பின், ஊசி எதுவும் வேண்டாம். வலை கிழிந்தால் அதற்கு அடியில் உள்ள மெல்லிய படலமும் கிழியும், அப்புறம் நிஜமாகவே ஸ்பீக்கர் போய்விடும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். பஞ்சர் கடையில் காற்று பிடிக்கிற குழாயை வைத்து ஒரு அடி அடித்தால் போதும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அழுத்தம் லாரி டயருக்கானது. தின்னர், பெட்ரோல் மாதிரி எதையும் ஊற்றவே கூடாது, திரையை ஒட்டியிருக்கிற பசை கரையும்.

இந்த அழுக்கு விஷயத்தில் எனக்குப் பிறகு ஒரு கிறுக்கே பிடித்துவிட்டது. சொந்தக்காரர்கள் போன் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் இயர்பீஸைத்தான் பார்ப்பேன். ஒவ்வொருவர் தொழிலும் அதில் தெரியும். பேரணாம்பட்டில் அக்கா வீட்டிலேயே பீடி சுற்றுகிறாள். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும், தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிய போன். அவள் போன் வலையில் பழுப்பு நிறத்தில் பீடித்தூள் நைசாக அடைந்திருந்தது. உலர்ந்த தூள் என்பதால் பிரஷ் பட்டதும் உதிர்ந்தது. மாமா ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் பஃபிங் வேலை. தோலைத் தேய்த்து வழவழப்பாக்கும்போது பறக்கிற தூசி மாவை விட நைசு, வியர்வையோடு சேர்ந்தால் பசையாகிவிடும். அவர் போனுக்குப் பிரஷ் மட்டும் பற்றவில்லை, டேப்பைத் திரும்பத் திரும்ப ஒட்டி எடுக்க வேண்டியிருந்தது. குடியாத்தத்தில் தறி ஓட்டுகிற பெரியப்பா போனில் நூல் பிசிறு.

இதில் மோசமானது சிப்காட் பக்கம் லேத் பட்டறையில் வேலை செய்கிற சிநேகிதன் போன். ஸ்பீக்கர் என்றால் உள்ளே காந்தம் இருக்கும். பட்டறையில் பறக்கிற இரும்புத்தூளை அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும், தட்டினாலும் விழாது. அதிர வேண்டிய படலத்தின்மேல் இரும்புத்தூள் உட்கார்ந்தால் சத்தம் குறைவதோடு கரகரவென்றும் கேட்கும். டேப் கொஞ்சம் எடுத்தது, மிச்சத்தைக் கடையில் போனைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. இரும்பு வேலை செய்கிறவர்கள் வேலை நேரத்தில் போனைச் சட்டைப் பையில் வைக்காமல், மூடி போட்ட டப்பாவிலோ பையிலோ வைத்துவிடுவதுதான் சரி.

அழுக்கு இல்லாமலும் சத்தம் குறையும். காரணம் டெம்பர் கிளாஸ். இப்போதைய போன்களில் இயர்பீஸ் கோடு திரைக்கும் பிரேமுக்கும் நடுவே நகக்கண் அளவுதான் இருக்கிறது. வேறு மாடலுக்கு வெட்டிய கிளாஸை ‘இதுவும் சேரும்’ என்று ஒட்டிவிட்டால் பாதிக் கோடு மூடிவிடும். கவரின் விளிம்பு தடிமனாக இருந்தாலும் அதே கதி. கவரைக் கழற்றிவிட்டு ஒரு கால் பேசிப் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் தெரிந்துவிடும். புதுப் போனில் வலைக்கு மேலேயே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். கீறல் விழக்கூடாது என்று அதைப் பிரிக்காமலே வைத்திருக்கும் பெரியவர்கள் நிறைய பேர். அதை உரித்தாலே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

காதில் வைக்கிற இடமும் முக்கியம். பழைய பட்டன் போன் எங்கே வைத்தாலும் கேட்கும். இப்போது கோடு விளிம்பில் இருப்பதால், காதுத் துவாரம் திரையின் மேல்பக்கத்துக்கு நடுவில் விழுந்தால் சத்தம் தாழ்ந்துவிடும். போனைக் கொஞ்சம் கீழே இறக்கி, விளிம்பு காதுத் துவாரத்துக்கு நேராக வருகிற மாதிரி வைத்தால் சட்டென்று ஏறும். பேசிக்கொண்டே விரலளவு மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள், ஓர் இடத்தில் தெளிவாகும்.

செட்டிங் பக்கம் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கால் வால்யூம் தனி, பாட்டு வால்யூம் தனி. சும்மா இருக்கும்போது பட்டனை அழுத்தினால் கூடுவது பாட்டு, பேசிக்கொண்டிருக்கும்போது அழுத்தினால்தான் கால் வால்யூம் ஏறும். சில சாம்சங் போன்களில் கால் நடக்கும்போது திரையில் கூடுதல் சத்தத்துக்கு ஒரு பட்டன் வரும். புளூடூத்தை ஒருமுறை அணைத்துப் பாருங்கள், பையில் கிடக்கிற இயர்பட்ஸ் காலை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஹியரிங் எய்டு என்று ஒரு செட்டிங் தெரியாமல் கைபட்டு ஆன் ஆகியிருந்தால் சத்தத்தின் தன்மையே மாறும். இதையெல்லாம் பார்த்துவிட்டுப் போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் போதும். வால்யூம் பூஸ்டர் என்று கடைவிரித்திருக்கிற ஆப்களை இறக்காதீர்கள். காதுக்கு வருகிற கால் சத்தத்தை அவை தொடுவதில்லை, விளம்பரத்தையும் அனுமதிகளையும் வாங்கிக்கொண்டு போனை மெதுவாக்குவதுதான் மிச்சம்.

இப்போது நெட்வொர்க். அந்த வாட்ஸப் சோதனையில் குரல் தெளிவாக வந்து, கால் மட்டும் மங்கலாக வருகிறவர்களுக்கு இது. சாதாரணப் பழைய கால்களில் 300-லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் போகும். ஆண் பெண் குரல் அடையாளம் தெரிய அது போதும். ஆனால் ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற ஒலிகளின் பலம் பெரும்பாலும் 4000-க்கு மேலே இருக்கிறது. அது வழியிலேயே வெட்டுப்பட்டுவிடும். எங்கள் ஏழு-எட்டுக் குழப்பத்தின் இன்னொரு பாதி இங்கே இருந்தது. 4ஜி-யில் வோல்ட்டீ என்கிற முறையில் கால் போனால் சுமார் 7000 ஹெர்ட்ஸ் வரை போகும், ‘ஸ்’ ‘ஸ்’ஸாகவே கேட்கும். இரண்டு பக்கமும் அந்த வசதியில் இருக்க வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை.

கண்டுபிடிப்பது சுலபம். கால் நடக்கும்போது மேலே சிக்னலைப் பாருங்கள். 4ஜி என்று இருந்தது பேச ஆரம்பித்ததும் 2ஜி, 3ஜி, ஈ, எச் என்று மாறினால் உங்கள் கால் பழைய வழியில் போகிறது. செட்டிங்கில் சிம் கார்டு பகுதிக்குப் போய் வோல்ட்டீயை ஆன் செய்யுங்கள். இரண்டு சிம் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், பலர் ஒன்றோடு விட்டுவிடுகிறார்கள். ஜியோவுக்கு இந்தத் தலைவலி இல்லை, 2016-ல் வந்தபோதே அது நேராக 4ஜி-யில்தான் வந்தது, 2ஜி, 3ஜி அதற்குக் கிடையாது.

எங்கள் லாட்ஜ் கவுண்டர் நீளமான கட்டடத்தின் உள்ளே, மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. வாசலில் நாலு கோடு காட்டுகிற சிக்னல் கவுண்டருக்கு வந்தால் ஒன்று. சிக்னல் குறைந்தால் குரல் தாழ்வதை விட, துண்டு துண்டாகி எழுத்துகள் விழுங்கப்படும். கேட்கிறவனுக்கு அதுவும் சத்தக் குறைவாகத்தான் தோன்றும். லாட்ஜில் வைஃபை இருக்கிறதே என்று வைஃபை காலிங்கை ஆன் செய்தோம். இந்தியாவில் 2019 கடைசியில் ஏர்டெல்லும் 2020 தொடக்கத்தில் ஜியோவும் கொண்டுவந்த வசதி. தனிக் கட்டணம் கிடையாது, எதிராளிக்கு ஒன்றும் தெரியாது, வழக்கமான நம்பரிலேயே பேசலாம். கோட்டைச் சுவர் மாதிரி தடித்த சுவர் வைத்த பழைய வீடுகளில் இருக்கிறவர்களுக்கு இதைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

ஒரே ஒருவர் பேசும்போது மட்டும் சத்தம் குறைவு என்றால் நம் போனைத் தொடவே வேண்டாம். அவர் போனின் மைக் துளையில் அழுக்கு இருக்கும், அல்லது பேசும்போது அவர் விரல் அதை மூடிக்கொண்டிருக்கும். மைக் போனின் அடியில் சார்ஜர் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன புள்ளி. மேலேயோ பின்னாலேயோ இன்னொரு மைக்கும் இருக்கும், சுற்றுச் சத்தத்தைக் கேட்டு அதைக் கழிப்பதற்காக. கவர் அதை மூடினால் நம் குரல் எதிராளிக்கு விட்டு விட்டுக் கேட்கும். எங்கள் போனுக்கு முன்பு போட்டிருந்த மணி பர்ஸ் மாதிரி மடிக்கிற கவர் அப்படித்தான் செய்தது. “தாதா, கிச்சு ஷோனா ஜாச்சே நா” என்று வங்காளத்தில் கத்துவார்கள். ஒன்றும் கேட்கவில்லையாம்.

அப்புறம் காந்தி ரோடு. காலை எட்டு மணிக்கு ஓ.பி.க்குப் போகிற கூட்டம், ஆட்டோ, வண்டிக்கடை, எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். அந்த நேரத்தில் எவ்வளவு நல்ல இயர்பீஸும் தோற்றுவிடும். இதற்கு நான் செய்வது இன்னொரு காதை விரலால் நன்றாக மூடிக்கொள்வது. வால்யூமைக் கூட்டுவதை விட இது நிஜமாகவே அதிகம் உதவும், வெளிச்சத்தம் மறைத்துக்கொண்டிருந்த குரல் மேலே வரும். வயர் உள்ள இயர்போன் ஒன்றையும் கவுண்டரில் வைத்திருக்கிறோம். ஆனால் நாள் முழுக்க வால்யூமை உச்சத்தில் வைத்துக்கொண்டு பேசுவது சரியில்லை. வயது வந்தவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான் பத்திரம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் சத்தம் கூடக் கூட நேரம் சுருங்கிக்கொண்டே போகும். என் தொழிலில் காது கெட்டால் வேறு வேலைதான் தேட வேண்டும். தேதி, ஆள் கணக்கு, பெயர் மூன்றையும் இப்போது வாட்ஸப்பில் எழுதி அனுப்பச் சொல்லிவிடுகிறோம். மிச்சத்தை மட்டும் போனில் பேசுகிறோம்.

மழையில் நனைந்த போனில் சத்தம் குறைந்தால் அவசரப்பட வேண்டாம். வலையில் தண்ணீர்ப் படலம் நிற்கும்வரை அப்படித்தான் இருக்கும். இயர்பீஸ் கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் மெதுவாகத் தட்டிவிட்டு, ஃபேன் காற்றுப் படுகிற இடத்தில் வைத்தால் போதும். அரிசி மூட்டையில் புதைக்காதீர்கள். அரிசித் துகள் உள்ளே போய்ப் போனைக் கெடுக்கும் என்று ஆப்பிள் கம்பெனியே சொல்கிறது.

இத்தனைக்கும் பிறகு கேட்கவில்லை என்றால் கடைக்குப் போகத்தான் வேண்டும். போனால் ‘சத்தம் கம்மி’ என்று மொட்டையாகச் சொல்லாமல், இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “ஸ்பீக்கர்ல நல்லா கேக்குது, இயர்பீஸ்ல மட்டும் கேக்கல, வாட்ஸப் வாய்ஸும் மங்கலாத்தான் வருது, வலையை சுத்தம் பண்ணிட்டேன்.” பேச்சே மாறும். முதலில் வலையை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், பல போன்களில் அதற்கே சரியாகும். இயர்பீஸ் பல ஆண்ட்ராய்டு போன்களில் விலை குறைந்த சாமான். கூலிதான் அதிகம், ஏனென்றால் போனைத் திறக்க வேண்டும். திறந்த போனுக்குத் தண்ணீர் புகாத தன்மை பழையபடி இருக்கும் என்று நம்பக்கூடாது. ஐபோன் எக்ஸிலிருந்து 12 வரை உள்ள மாடல்களில் இயர்பீஸோடு முகத்தை அடையாளம் காணும் சென்சாரும் ஒரே பட்டையில் இணைந்திருக்கும். சும்மா முழுப் பட்டையையும் மாற்றினால் முகம் காட்டித் திறக்கும் வசதி போய்விடும். இதைப் பற்றிக் கேட்டால் விழிக்கிற கடையில் அந்தப் போனைக் கொடுக்காதீர்கள். மாற்றியபின் கடையிலேயே நின்று, காதில் வைத்து ஒரு கால் பேசிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது, எல்லோரும் பேசக் கூச்சப்படுவது, காது. சோதனை சுலபம்: அதே காலை வலது காதில் கேளுங்கள், இடது காதில் கேளுங்கள். ஒன்றில் நன்றாகக் கேட்டு மற்றதில் மங்கினால் போன் மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் காதழுக்கு அடைப்புதான், டாக்டர் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடுவார். பட்ஸ் விட்டுக் குடைந்தால் அழுக்கை உள்ளேதான் தள்ளுவீர்கள்.

எங்கள் நைனா கதை அப்படி. போன் மாற்றிப் போன் மாற்றி வாங்கிக் கொடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் “இன்னாப்பா இது, எவன் பேசினாலும் முணுமுணுன்றான்” என்பார். வாட்ஸப் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. வயதாகும்போது முதலில் போவது கீச்சென்ற உயர் ஒலிகள்தான். அதனால் பேச்சு கேட்கும், ஆனால் ‘ச’வும் ‘த’வும் ‘ப’வும் கலங்கிவிடும். சத்தத்தைக் கூட்டினாலும் தெளிவு வராது. டிவி முன்னால் உட்கார்ந்து சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால், போன் கடைக்கு முன்னால் காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பாருங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பார்க்கலாம், தனியாரிலும் பார்க்கலாம். மாற்றுத்திறனாளி சான்றிதழ் இருக்கிறவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை காதுக்குப் பின்னால் மாட்டும் ஹியரிங் எய்டு கருவியை இலவசமாகத் தருகிறது.

நைனாவுக்குக் கருவி வந்தபின் புதுப் புகார்: போனை வைத்தால் கொய்யென்று விசில் அடிக்கிறது. காரணம், அவர் பழக்கப்படி போனைக் காதுத் துவாரத்தில் அழுத்திக்கொண்டிருந்தார். பின்னால் மாட்டுகிற கருவிக்கு மைக் காதின் மேல் மடலுக்குப் பின்னால் இருக்கிறது. போனின் இயர்பீஸை அந்த இடத்துக்கு நேராக, ஒட்டாமல் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குப் போனைத் தலைக்கு வைத்திருக்கிற மாதிரி இருக்கும். “நாலு பேர் பார்த்தா இன்னா நினைப்பான்” என்று முதலில் முரண்டு பிடித்தார். பேத்தி கூப்பிட்டபோது அப்படிப் பிடித்து ஒருமுறை கேட்டார். இப்போது அவரே பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு எங்கே பிடிப்பது என்று சொல்லிக் கொடுக்கிறார், அவருக்குக் கருவியே இல்லை என்பது வேறு விஷயம்.